இடித்தாலும் திரும்பி வரும் பெட்டி

ரோட்டோரத்தில் தபால்பெட்டி நட்டுப் பிழைப்பது ஒரு விசித்திரமான தொழில்: வேலையை ஒழுங்காகச் செய்தால் ஆட்கள் உங்களை மறந்துவிடுவார்கள், பெட்டி விழுந்த அன்றைக்குத்தான் பெயர் சொல்லித் தேடுவார்கள்.

ஒக்லாந்து நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு இது விளங்காது. உங்கள் பெட்டி மதிலுக்குப் பக்கத்தில் பத்திரமாக நிற்கிறது. ஆனால் மேற்கே குமேயு, ஹெலன்ஸ்வில் பக்கம் போய்ப் பாருங்கள். வீடு ரோட்டிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கும். தபால் கொண்டுவருகிறவர் உள்ளே வரமாட்டார். ரோட்டோரத்தில் நட்டிருக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் வாகனத்தை நிறுத்தி, யன்னலால் கையை நீட்டிக் கடிதத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் பெட்டியைப் பால் லொறி இடிக்கும், டிரக்டர் இடிக்கும், பொழுது போகாத பொடியன்கள் ஓடுகிற காரிலிருந்து மட்டையால் அடிப்பார்கள். பெட்டி இல்லாவிட்டால் தபாலும் இல்லை. நகரத்துக்கு வெளியே காணி வாங்கிக்கொண்டு போனவர்களே, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விழுந்த பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிற வருகிற வாகனங்களை முறைத்துப் பார்த்தவர்கள் நீங்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கத்தைய ஆட்கள் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

வாய்க்காலுக்குள் தபால்

நான் மன்னார் ஆள். நியூ லின்னில் ஒரு வெல்டிங் வேர்க்ஷொப்பில் பல வருடம் வேலை செய்தேன். முதலாளி வயதாகிவிட்டது என்று கடையை மூடியபோது எனக்கு வேலை போனது. மனைவி மெர்சி, ஷொப்பிங் மோல் ஒன்றில் உள்ள உடுப்புக்கடையில் வேலை செய்தாள். வீட்டு மோட்கேஜ் கடன் முழுவதும் அவள் தலையில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து, எங்கள் வேர்க்ஷொப்புக்கு அடிக்கடி வந்துபோகிற கிரஹாம் என்ற மனுசன் போன் எடுத்தார். குமேயுவுக்கு அப்பால் மாட்டுப்பண்ணை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வாசல் ஒரு வளைவில் இருந்தது. எந்தப் பெட்டி வைத்தாலும் யாராவது வந்து சாய்த்துவிட்டுப் போவதாகச் சொன்னார்.

நான் தடித்த இரும்புத் தகட்டில் ஒரு பெட்டி செய்தேன். இரும்புக் குழாய் ஒன்றை நிலத்தில் ஆழமாக இறக்கி அதன்மேல் ஒட்டினேன். ஆனை வந்து முட்டினாலும் அசையாது என்று கிரஹாமிடம் சொல்லிவிட்டு வந்தேன். ஆனை வரவில்லை, பால் லொறி வந்தது. நான் போய்ப் பார்த்தபோது பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. குழாய்தான் வேரோடு பிடுங்குப்பட்டு, பெட்டியோடு சேர்ந்து வாய்க்காலுக்குள் கிடந்தது. கிரஹாம் வாய்க்கால் கரையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். கோபப்படவில்லை.

"பெட்டி அருமையான பெட்டி, ஸ்டீபன். கடிதம் எடுக்க நான் நீந்தப் பழகினால் சரி."

புல்லுக்குள் நிற்கிறவன்

கிரஹாமுக்கு நட்ட இரண்டாவது பெட்டியை ரோட்டோரப் புல் வெட்டுகிற டிரக்டர் கொண்டுபோனது. பக்கவாட்டில் நீண்ட இரும்புக் கை ஒன்று இருக்கும் டிரக்டர் அது. அந்தக் கையின் நுனியில்தான் வெட்டுகிற கத்தி. எனக்கு வந்த ஆத்திரத்தில் வேனை எடுத்துக்கொண்டு அந்த டிரக்டரைத் தேடிப் போனேன். அடுத்த ரோட்டில் நிறுத்தி வைத்துவிட்டு, ஓட்டுகிறவர் நிழலில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொங்காத் தீவைச் சேர்ந்தவர், பெயர் சியோனே. என்னைப் போல இரண்டு பேரைச் சேர்த்துச் செய்த உடம்பு. கத்துவதற்காக இறங்கிய நான் அவரைப் பார்த்ததும் "வணக்கம்" சொன்னேன்.

அவர் தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தந்தார். பிறகு டிரக்டருக்குள் ஏறி இருந்து பார்க்கச் சொன்னார். ஏறினேன். முன்னால் நெஞ்சுயரப் புல். அதற்குள் தபால்பெட்டி எங்கே, கம்பிவேலி எங்கே, ஆரோ எறிந்துவிட்டுப் போன பழைய சோபா எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. நான் இறங்கி வந்து, அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்டேன். பெட்டி நிற்கிற கால் புல்லுக்குள் இருக்கக்கூடாது, பெட்டிக்குக் கீழே தன்னுடைய இரும்புக் கை போய்வர இடம் இருக்கவேண்டும் என்றார். காலில்லாமல் பெட்டி எப்படி நிற்கும் என்று கேட்டேன்.

"நான் வெட்டுற ஆள். நிக்கவைக்கிற ஆள் நீதானே."

கனடாவிலிருந்து வந்த யோசனை

மெர்சியின் தம்பி ஜெராட் கனடாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைப்பான். ஒருநாள் அவன் சுகம் விசாரித்தபோது நான் தபால்பெட்டிக் கதையைச் சொல்லி அழுதேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அத்தான், உங்களுக்குப் புல்லு வெட்டுற டிரக்டர். எங்களுக்கு ஸ்நோ தள்ளுற லொறி. அது பெட்டியைத் தொடக்கூடத் தேவையில்லை. அது தள்ளிக்கொண்டு வாற ஸ்நோவே பெட்டியை அடிச்சுச் சாய்ச்சுப்போடும்" என்றான். பிறகு போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், பக்கத்து வீட்டுக்காரருடைய பெட்டியைக் காட்டினான். கால் ரோட்டிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றது. அதிலிருந்து ஒரு நீண்ட கை ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கையின் நுனியில் பெட்டி தொங்கியது. ஜெராட் அதைத் தள்ளினான். கை விலகிப்போனது. விட்டான். ஆடி ஆடி வந்து பழைய இடத்தில் நின்றது.

அன்றைக்கே வீட்டுப் பின்வளவில் வேலையைத் தொடங்கினேன். பண்ணைக் கேற்றைத் திறந்து விட்டால் தானாகப் போய் மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். கேற்றைத் தாங்குகிற பிணைச்சலைக் கொஞ்சம் சாய்த்துப் பூட்டினால் பாரம் தானாகவே பள்ளத்தைத் தேடி வரும். அதே பிணைச்சல்தான், அதே சாய்வுதான். ஆனால் எவ்வளவு சாய்ப்பது என்று கண்டுபிடிப்பதற்குள் பெட்டி எத்தனையோ தரம் என் முழங்கையைப் பதம் பார்த்தது. கடைசியில் ஒருநாள் மெர்சியைக் காரில் ஏற்றி, பின்னுக்கு எடுத்து இடிக்கச் சொன்னேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு எடுத்தாள். கை விலகி, காரைப் போகவிட்டு, மெல்லத் திரும்பி வந்து நின்றது. மெர்சி காரைவிட்டு இறங்கி அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, இந்த வீட்டில சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாற முதல் ஆள் இதுதான்."

மாட்டுக்குக் கிடைத்த சுகம்

முதல் ஆடுகிற பெட்டியைக் கிரஹாமுக்கே பூட்டினேன். லொறி வந்தது, பெட்டி விலகியது, திரும்பி வந்தது. டிரக்டர் வந்தது, அதற்கும் அப்படியே. நானும் கிரஹாமும் கை குலுக்கிக்கொண்டோம். ஒரு மாதம் போக அவர் போன் எடுத்து, பெட்டியின் கையில் பூசின பெயின்ற் எல்லாம் உரிந்துவிட்டது என்றார். போய்ப் பார்த்தேன். அவர் ஓய்வு பெற்ற பிறகும் ஆசைக்கு வைத்திருந்த சில மாடுகளை ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கக் காணிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு சிவலை மாடு மட்டும் வரிசையைவிட்டு விலகி நேரே தபால்பெட்டிக்கு வந்தது. கையின் கீழே முதுகைக் கொடுத்து முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தது. பெட்டி போவதும் வருவதுமாக அதன் முதுகைத் தேய்த்துவிட்டது. மாடு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. நான் கைக்குக் கீழே முள்ளுக்கம்பி கட்டிவிடட்டுமா என்று கேட்டேன். கிரஹாம் மாட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தார்.

"விடு. எனக்கு வாறது பில், அதுக்கு வாறது சுகம். ரெண்டு பேரில அதுதான் பெட்டியால பிரயோசனப்படுது."

மட்டை

இது சிரிக்கிற கதை இல்லை. அதே ரோட்டில் மார்கரெட் என்ற பெண் தனியாக இருந்தார். புருசன் இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். இருதய வருத்தத்துக்கு அவர் எடுக்கிற குளிசைகள் தபாலில்தான் வரும். அந்தப் பகுதியில் சில பொடியன்களுக்கு வெள்ளி இரவுகளில் ஒரு விளையாட்டு: காரில் வேகமாக வந்து யன்னலுக்கு வெளியே மட்டையை நீட்டித் தபால்பெட்டிகளை அடித்து நொறுக்குவது. மார்கரெட்டின் பெட்டி மெல்லிய தகரம். ஒரே அடியில் பிளந்துபோனது. மழைத் தண்ணீரில் குளிசைகள் கரைந்து புல்லுக்குள் கிடந்தன. சனியும் ஞாயிறும் மருந்தில்லாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை அம்புலன்ஸில் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் எனக்குப் போன் எடுத்தார். பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டு வரச் சொல்கிறார்கள், பெட்டி ஒன்று நின்றுபிடித்தால் நானும் நின்றுபிடிப்பேன் என்றார். 

இரும்பை இரும்பால் அடித்தால் ஏதாவது ஒன்று வளையத்தான் செய்யும். அதனால் அடிக்கிற அடியை வாங்கித் திருப்பிக் கொடுக்கிற பொருளைத் தேடினேன். கல்லு உடைக்கிற இடத்தில் கல்லை ஏற்றிக்கொண்டு ஓடுகிற தடித்த றப்பர்ப் பட்டி கிடைத்தது. தேய்ந்துபோனது என்று கழித்து எறிந்திருந்தார்கள். கேட்டதும் கொண்டுபோ என்றார்கள். அதை வெட்டி ஒரு பெட்டி செய்தேன். உள்ளே இரும்புக் கூடு, மருந்து வைக்கப் பூட்டுள்ள தட்டு ஒன்று. முழுவதையும் ஆடுகிற கையில் தொங்கவிட்டேன். பூட்டிவிட்டு, வேனில் கிடந்த பெரிய சுத்தியலால் நானே ஓங்கி அடித்துப் பார்த்தேன். சுத்தியல் துள்ளி என் தோளுக்கு மேலால் போனது. மார்கரெட் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் போன் வந்தது. உடனே வா, ஆனால் பயப்படாதே என்றார் மார்கரெட். மெர்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டி நின்றது. அதன் பக்கத்தில் வெள்ளைக் கோடு ஒன்று, மட்டை பட்ட தடம். உள்ளே அவருடைய மருந்து பத்திரமாக இருந்தது. மட்டை கொஞ்சத் தூரத்தில் வாய்க்காலுக்குள் கிடந்ததாம். கையைவிட்டுத் துள்ளிப் போயிருக்கவேண்டும். எடுக்கக்கூட இறங்காமல் ஓடியிருக்கிறார்கள். அதன் பிறகு அந்த ரோட்டில் யாரும் மட்டையோடு வரவில்லை. மட்டை எங்கே என்று மெர்சி கேட்டாள். மார்கரெட் எங்களைக் கோழிக்கூட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மட்டை கதவுக்கு முட்டுக்கொடுத்தபடி நின்றது.

"கதவு காத்துக்கு அடிச்சுக்கொண்டே கிடந்தது. கேளாமலேயே கொண்டுவந்து தந்த பிள்ளையளுக்கு நன்றி சொல்ல முகவரி தெரியேல்லை."

கருங்கல் கோட்டை

சீனிவாசன் அண்ணை தமிழ்நாட்டுக்காரர். நகரத்தில் பெரிய கம்பியூட்டர் வேலை. பாட்டனி டவுன்ஸில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, கிரஹாமின் ரோட்டிலேயே காணி வாங்கிக்கொண்டு வந்தார். வந்த கொஞ்ச நாளில் அவருடைய பெட்டியும் விழுந்தது. அவர் என்னிடம் கேட்டது பெட்டி இல்லை, கோட்டை. ஆளுயரத்துக்குக் கொங்கிரீட் தூண், நடுவில் இரும்புக் கம்பிகள், வெளியே கருங்கல். கடதாசியில் வரைந்தே வைத்திருந்தார். "எவன் வந்து மோதினாலும் அவன் வண்டி அப்பளமாகணும்" என்றார். வண்டிக்குள்ளே ஆள் இருக்குமே அண்ணை என்றேன். "ஒழுங்கா ஓட்டினா ஏன் மோதுறான்?" என்றார்.

நான் அவருக்கு விளக்கினேன். பெட்டி நிற்கிற இடம் அவருடைய காணி இல்லை, ரோட்டுக்குச் சொந்தமான நிலம். அதில் கொங்கிரீட் தூண் கட்ட விடமாட்டார்கள். விட்டாலும் நான் கட்டமாட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார். பாருங்கோ என்று நான் வேனில் ஏறினேன். அப்போது அவருடைய மனைவி லதா அக்கா தேத்தண்ணியோடு வந்து, என்ன பேசிக்கிட்டிருக்கீங்க என்று கேட்டார். விசயத்தைக் கேட்டறிந்துவிட்டு, அவர் சொல்றதுல என்ன தப்பு என்று தன் புருசனைக் கேட்டார். அண்ணை கடதாசியை மடித்துப் பையில் வைத்தார். ஆடுகிற கை போட்டேன். அதைத் தாங்குகிற காலுக்கு மரம்தான் போட்டேன், அடியில் துளையிட்ட மரம். பலமாக இடிபட்டால் மளுக்கென்று முறிந்துவிடும். அண்ணை அந்தத் துளைகளை நெடுநேரம் பார்த்தார்.

"கேக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்றது? உடையிறதுக்குன்னே ஒண்ணு செஞ்சு வாங்கியிருக்கேன்னா?"

மழை நாள்

அந்தக் குளிர்காலத்தில் ஒரு காலைநேரம் அண்ணை போன் எடுத்தார். "ஸ்டீபன், பாக்ஸ் போச்சு. கொஞ்சம் வாங்க" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.  வழி முழுவதும் அவருக்கு என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நல்ல மழை. மாடுகள் கடந்துபோன இடத்தில் ரோட்டில் சேறு.

வாசலில் ஒரு சின்ன சிவப்புக் கார் அவருடைய கம்பிவேலிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. நான் போட்ட மரக்கால் துளையிட்ட இடத்தில் மட்டமாக முறிந்து புல்லில் கிடந்தது. காருக்குள் ஆள் இல்லை. ஓடிப்போய் வீட்டுக் கதவைத் தட்டினேன். குசினியில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் போர்வையைப் போர்த்திக்கொண்டு இருந்தாள். பக்கத்துப் பண்ணையில் பால் கறக்கிற வேலைக்குப் போய் வருகிறவள். சேற்றில் கார் வழுக்கி நேரே பெட்டிக்கு வந்திருக்கிறது. நெற்றியில் சின்ன வீக்கம், வேறு ஒன்றும் இல்லை. லதா அக்கா அவளுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அங்கேயே ஒரு கதிரையில் இருந்துவிட்டேன்.

அண்ணை என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். முறிந்த மரத்துக்குப் பக்கத்தில் மழையில் நின்றோம்.  நான் சமாதானமாக, நாளைக்கே புதுக் கால் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் அதுவல்ல என்பதுபோலத் தலையை ஆட்டினார். பெட்டியைக் காலால் புரட்டிப் பார்த்தார். அது அப்படியே நல்லாக இருந்தது.

"நான் கேட்டத நீங்க கட்டியிருந்தா, அந்தப் பொண்ணு இப்ப எங்க வீட்ல காப்பி குடிச்சுக்கிட்டு இருக்காது."

ஊர் கூடிய சனிக்கிழமை

அந்த ரோட்டுக்கெல்லாம் தபால் கொண்டுவருகிறவர் ஷெரில் என்ற பெண். ரோடு பிரிகிற சந்தியில் ஒரே பலகையில் வரிசையாகப் பெட்டிகள் இருந்தன, உள்ளே இருக்கிற வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அந்தப் பலகையை ஒரு மரம் ஏற்றுகிற லொறி இடித்துச் சுக்குநூறாக்கியது. ஷெரிலுக்குக் கடிதம் வைக்க இடமில்லை. ஒழுங்கான பெட்டி வராவிட்டால் எல்லாரும் டவுனுக்குப் போய்த்தான் தபால் எடுக்கவேண்டும் என்று தபால் மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். கார் ஓட்ட ஏலாத ஆட்களும் அந்த ரோட்டில் இருந்தார்கள். கிரஹாம் ஒரு கூட்டம் கூட்டினார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆடுகிற கை என்று ஒரே மூச்சில் எனக்கு வேலை தந்தார்கள். மரக்கால்களுக்குத் துளை போடும் வேலையைச் சீனிவாசன் அண்ணை தானே செய்வேன் என்று வாங்கிக்கொண்டார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தத் துளைகளின் விளக்கத்தைச் சொன்னார்.

வேலை முடிந்த சனிக்கிழமை எல்லாரும் சந்தியில் கூடினார்கள். யாரோ அடுப்பைக் கொண்டுவந்து சொசேஜ் சுட்டார்கள். மெர்சி விடியவே எழும்பி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்திருந்தாள். நான் சியோனேயையும் கூப்பிட்டிருந்தேன். அவர் டிரக்டரோடு வந்தார். கத்தியை நிறுத்திவிட்டு, இரும்புக் கையைப் பெட்டிகளின் உயரத்துக்குத் தூக்கி, நேரே வரிசையின் மேல் விடுவது என்று பேச்சு. டிரக்டர் கிட்ட வர வர எல்லாரும் கதையை நிறுத்தினார்கள். சொசேஜ் கருகியதை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் மெர்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இரும்புக் கை முதல் பெட்டியைத் தொட்டது. அது விலகியது. அடுத்தது விலகியது. அதற்கடுத்தது. டிரக்டர் நிற்காமல் கடைசிவரை போனது. அது போன பிறகு பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் ஆடிக்கொண்டு தங்கள் தங்கள் இடத்துக்கு வந்தன. ஒன்றுகூட விழவில்லை. ஒன்றின் மூடிகூடத் திறக்கவில்லை. முதலில் மார்கரெட்தான் கை தட்டினார். பிறகு எல்லாரும். சியோனே டிரக்டரிலிருந்து இறங்கி வந்து என்னைத் தூக்கியே விட்டார். வாழ்க்கையில் சில நாட்கள்தான் மனுசன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோசப்படுகிறான். எனக்கு அது அன்றைக்கு வாய்த்தது. ஷெரில் தன் வாகனத்திலிருந்து கடிதங்களை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனார். கடைசிப் பெட்டி இன்னும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை கடிதத்தோடு காத்து நின்றார்.

"இந்த ரோட்டில இத்தனை வருசமா ஓடுறன். என்னைக் கண்டு தலையாட்டினது இதுகள்தான்."

இப்போது என் வேன் போகாத ரோடு அந்தப் பக்கத்தில் இல்லை, அந்தச் சிவப்புக் காரைத் தவிர நான் நட்ட ஆடுகிற பெட்டியை இடித்துச் சாய்த்ததும் ஒன்றில்லை; லொறி, டிரக்டர், மட்டை எல்லாவற்றிடமிருந்தும் இப்படிப் பாடுபட்டுக் காப்பாற்றிய பெட்டிகளுக்குள் பாதி நாள் வந்து விழுவது பீட்ஸாக்கடை விளம்பரம்தான் என்பதை மட்டும் நான் வாடிக்கையாளர்களிடம் கதைப்பதில்லை.